மேலே ஒரு மாடி எடுக்கப் போகிறவர்களுக்கு

புனே ஹடப்சரில் காளேபடள், சசாணே நகர், சாதவ்வாடி, மாளவாடி பக்கம் ஒரு குண்டா மனையில் வீடு கட்டிக் குடியிருக்கும் நம் ஆட்கள் எல்லாருக்கும்,



போன ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றிய அன்று, தூக்குவாளியோடு வரிசையில் நின்ற நேரத்தில் ஐந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணாச்சி, மேலே ஒரு மாடி எடுக்கலாம்னு இருக்கோம். தாங்குமா?" தாங்கும் என்ற பதிலை மனசில் வைத்துக்கொண்டுதான் ஐந்து பேரும் கேட்டார்கள். ஆதாரமும் கையோடு இருந்தது: மொட்டைமாடியில் கம்பி விட்டிருக்கிறதாம். கூழ் வரிசையில் நின்றபடி இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த மடல்.

அந்தக் கம்பியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் தெருக்களில் எந்த மொட்டைமாடியைப் பார்த்தாலும் மூலைக்கு நாலு கம்பி வானத்தைப் பார்த்து நிற்கும். சிலர் அதன் தலையில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். சிலர் கொடி கட்டித் துணி காயப்போடுவார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் மேலே எடுப்போம் என்று 1990களில் ஸ்லாப் போட்ட அன்றே விட்டு வைத்த கம்பி. என் வீட்டிலும் ஆறு இடத்தில் இருந்தது. நான் ஃபிட்டர். முப்பத்தைந்து வருஷம் இங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்த்தவன், கை சும்மா இருக்காது. மகன் கல்யாணத்துக்குப் பிறகு மாடிப் பேச்சு வந்தபோது, பழைய வெர்னியரை எடுத்துக்கொண்டு மேலே போனேன். போட்டபோது 12 மில்லி கம்பி. இடுப்பளவு உயரத்தில் துருவைச் சுரண்டிவிட்டு அளந்தால் 11-க்குப் பக்கம் காட்டியது. பரவாயில்லை என்று நினைத்தேன். காங்கிரீட்டிலிருந்து கம்பி வெளியே வரும் கழுத்தில், மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி நின்ற இடத்தில் அளந்தபோது எட்டரை. விட்டத்தில் மூன்றரை மில்லிதானே என்று சொல்லலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், பரப்பில் சரிபாதி போய்விட்டது. அந்தக் காலத்து முறுக்குக் கம்பி, டார் கம்பி என்போமே, அதற்குத் துரு என்றால் கொஞ்சம் கூடுதல் பாசம்.

கம்பியை நம்பாதீர்கள் என்று இதற்காக மட்டும் சொல்லவில்லை. கம்பி நன்றாக இருந்தாலும் அது கட்டினவருடைய ஆசைக்குத்தான் சாட்சி. அஸ்திவாரத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் பில்லர் என்று நின்றவை 9 அங்குலத்துக்கு 9 அங்குலம். ஸ்லாப் உட்கார்ந்திருந்ததோ சுவர்மேல். கீழே தோண்டிப் பார்த்தபோது அந்தப் பில்லர்களுக்கெனத் தனியாக ஒரு பாதமே இல்லை, பேஸ்மட்டத்துக் கருங்கல் கட்டின்மேலேயே முளைத்திருந்தன. பில்லர் வீடு என்று இருபத்தைந்து வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சுவர் வீடு. உங்கள் வீடும் அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

நாம் எப்படி இங்கே மனை வாங்கினோம் என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு 40 குண்டா, ஒரு குண்டா 1,089 சதுர அடி. கரும்பும் காய்கறியும் விளைந்த நிலத்தை அரை குண்டா, ஒரு குண்டாவாகக் கூறுபோட்டு விற்றார்கள், நாம் சீட்டுப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கினோம். இதே ஹடப்சரில் மகர்பட்டா விவசாயிகள் வேறு மாதிரி யோசித்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள், 400 ஏக்கருக்கு மேல் நிலம். துண்டு போட்டு விற்காமல் ஒன்றாகச் சேர்த்து, சதீஷ் மகர் தலைமையில் தாங்களே கம்பெனி வைத்து ஒரு நகரத்தையே கட்டினார்கள். என் மகன் வேலை பார்ப்பது அங்கேதான். அவன் ஆபீஸ் கட்டடத்துக்கு மண் பரிசோதனை, டிசைன், மேற்பார்வை எல்லாம் நடந்தது. அதே மண்ணில் நம் வீட்டுக்கு மேஸ்திரியின் கைக்கணக்கு. துண்டு மனைகளை முறைப்படுத்த 2001-இல் குண்டேவாரி சட்டம் வந்தது. 2021-இல் அதைத் திருத்தி, 2020 டிசம்பர் 31 வரை எழும்பியவற்றுக்கும் வழி விட்டார்கள். ஆனால் கீழ்வீடு கணக்கில் ஏறினால் மேல்வீட்டுக்கும் அனுமதி கிடைத்ததாக அர்த்தம் கிடையாது. அதற்குக் கார்ப்பரேஷனில் தனி அனுமதி, தகுதியுள்ள ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரின் கையெழுத்து எல்லாம் வேண்டும். இதற்காக ஒரு அலுவலகத்தில் நான் ஏழு மாதம் அலைந்தேன். அந்தக் கதை வேறொரு நாளைக்கு.

மண்ணுக்கு வருகிறேன். நான் கோவில்பட்டிக்காரன். கரிசலில் பிறந்தவனுக்குக் கரிசலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் உப்பிக்கொண்டு செருப்பைப் பிடுங்கும். அதே மண்தான் இங்கேயும், இவர்கள் காளி மாத்தி என்கிறார்கள். அதற்குக் கீழே முரும், அதாவது கருங்கல் மட்கிப் பாதி மண்ணாகி நிற்கும் சரளை, அதற்கும் கீழே பாறை. முருமில் கால் ஊன்றிய வீடு அசையாது. கரிசலில் நிற்கும் வீடு வருஷத்துக்கு ஒருமுறை மூச்சு விடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு அதனால் வருவதுதான். நாம் அதை ஒவ்வொரு தீபாவளிக்கும் பட்டி பார்த்துச் சுண்ணாம்பு அடித்து மறைக்கிறோம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. கண்ணாடிக் கடையில் கழிவாகக் கிடக்கும் 2 மில்லி கண்ணாடியை விரல் அகலத்தில் வெட்டித் தரச் சொன்னேன். வெடிப்பின் குறுக்கே, பூச்சைச் சுரண்டிச் செங்கல்மேல், இரண்டு முனையிலும் அரால்டைட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினேன். மொத்தம் ஏழு இடம். மழைக்கு முன்பு ஒட்டியது. ஆறு கண்ணாடி அப்படியே இருந்தது. பின்கட்டில், குளியலறைப் பக்கம் ஒட்டியது மட்டும் ஆகஸ்டில் டிக் என்று உடைந்து கிடந்தது. என் வீட்டுக்காரி முதலில் பேரனைச் சந்தேகப்பட்டாள். மறுபடி ஒட்டினேன், பிப்ரவரியில் மறுபடி உடைந்தது. பேரனுக்கு அந்த உயரம் எட்டாது என்று அப்புறம்தான் ஒப்புக்கொண்டாள்.

அந்த மூலையிலும் முன்வாசல் பக்கத்திலும் சுவரை ஒட்டிக் குழி தோண்டினோம். முன்வாசல் பக்கம் மூன்றடியில் முரும் வந்துவிட்டது, அஸ்திவாரம் அதன்மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பின்கட்டில் முரும் நாலரை அடியில். அஸ்திவாரமோ இங்கேயும் மூன்றடிதான், ஒன்றரை அடி கரிசல்மேல் நின்றுகொண்டிருக்கிறது. ஒரே அளவு ஆழத்துக்குப் பேசி, ஒரே அளவு ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறார் அன்றைய மேஸ்திரி. அவரைக் குறை சொல்ல முடியாது, நானும் பக்கத்தில்தான் நின்றேன். இது போதாதென்று குளியலறைத் தண்ணீர்க் குழாய் மண்ணுக்குள் கசிந்து அந்தக் கரிசலுக்குத் தினமும் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது.

அதைச் சரிசெய்ய வீட்டை இடிக்க வேண்டியதில்லை. சுவருக்கு அடியில் மூன்றடி நீளத்துக்கு ஒரு குழி, முரும் வரைக்கும், அதில் காங்கிரீட். அது இறுகிய பிறகு ஓர் இடம் விட்டு அடுத்த குழி. பக்கத்துப் பக்கத்துக் குழியை ஒரே நேரத்தில் மட்டும் திறக்கக் கூடாது, சுவர் அந்தரத்தில் தொங்கும். எங்களுக்கு ஐந்து குழி, ஆறு வாரம். வேலையை ஒப்புக்கொண்ட ஒருவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் தோண்டி ஒரே நாளில் நிரப்பித் தருகிறேன், பாதிக் கூலிதான் என்றார். கைகூப்பி அனுப்பிவிட்டோம்.

இனி மொட்டைமாடி. மேலே ஏற்றுவதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறீர்கள். எங்களுக்குக் கிடைத்த எஞ்சினியர், கொல்ஹாப்பூர்க்காரப் பெண், முதலில் கேட்டது எதை இறக்கலாம் என்று. எனக்கு அந்தக் கேள்வியே புதிது. ஸ்லாப்பின்மேல் இங்கே கோபா போடுவார்கள் தெரியுமே. நம் ஊரில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டுத் தட்டோடு பதிப்போமே, அதற்கு இங்கத்து அண்ணன் தம்பி. உடைந்த செங்கல்லைப் பரப்பிச் சிமென்ட் கலவை ஊற்றி நாலு அங்குலம். ஒழுகுகிறது என்று 2006-இல் அதன்மேலேயே இன்னொரு மூன்று அங்குலம் போட்டோம். ஆக ஏழு அங்குலம். என் வீட்டு ஸ்லாப் 528 சதுர அடி. கன அடிக்கு ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நாலு கிலோ என்று அந்தப் பெண் கால்குலேட்டரைத் தட்டினாள். பதினாறு டன்னுக்கு மேல். பதினாறு யானைக்குட்டியை மேலே கட்டிப்போட்டுவிட்டு, கீழே ஃபேன் போட்டுத் தூங்கியிருக்கிறோம்.

கூரை கனத்தால் என்ன ஆகும்? கில்லாரி நிலநடுக்கத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 1993 செப்டம்பர் 30, அனந்த சதுர்த்தசிக்குப் பிள்ளையாரைக் கரைத்துவிட்டு ஊரே அசந்து தூங்கிய விடியற்காலை. லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானவர் போனார்கள். அந்த வீடுகள் கனத்த கல் சுவர், நடுவில் மண் சாந்து, மேலே மரச் சட்டத்தின்மேல் மண் கூரை. வெயிலுக்கும் மழைக்கும் ஆகும் என்று அந்த மண்கூரையில் வருஷா வருஷம் மண்ணைப் போட்டுப் போட்டுக் கனமாக்கி வைத்திருந்தார்கள். நிலம் ஆடும்போது கூரை எவ்வளவு கனமோ அவ்வளவு விசையில் சுவரைத் தள்ளும். அங்கே மண், இங்கே கோபா, காரியம் ஒன்றுதான். புனேயை வெகுகாலமாக நிலநடுக்க மூன்றாம் மண்டலத்தில் வைத்திருந்தார்கள். 1967 டிசம்பரில் கொய்னாவில் நிலம் ஆடியபோது இங்கேயும் பாத்திரம் உருண்டதைப் பழைய ஆட்கள் சொல்வார்கள்.

கோபாவைப் பெயர்த்து எடுத்தோம். பிரேக்கர் வைக்க விடவில்லை அந்தப் பெண், ஸ்லாப் அதிரும் என்று. உளியும் சுத்தியலும்தான். பெயர்த்ததைப் பழைய சிமென்ட் சாக்கில் அள்ளி, சாக்குக்கு 25 கிலோ கணக்கில் இறக்கினார்கள். நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுவரில் கரியால் கோடு போட்டு எண்ணினேன். 640 தாண்டியது. அத்தனையும் குப்பைக்குப் போகவில்லை. பெரிய துண்டுகள் எங்கள் சந்துத் தரையை மேடாக்கியதில் அடியில் போயின, தெருக்கோடிக்காரர் புதுத் தரைக்கு அடிப்பரப்புக்கு 200 சாக்கு வாங்கிக்கொண்டார். ஏழு அங்குலத்தை எடுத்த இடத்தில் ஒழுகாமலிருக்க மெல்லிய பூச்சு மட்டும் போட்டோம். மொட்டைமாடியாக மிச்சம் விடும் இடத்துக்கு அது போதும், மற்ற இடத்துக்குமேல்தான் கூரை வரப்போகிறதே.

இதைச் சொன்னதும் ஒரு தம்பி கேட்டான்: "இவ்வளவு தொல்லைக்கு மொத்தமா இடிச்சுட்டுப் புதுசா கட்டிரலாமே மாமா?" இடிக்கலாம். என் வீடு மாதிரி ஒரு வீட்டில் தரைக்குமேலே மட்டும் அறுபது டன்னுக்குக் குறையாமல் செங்கலும் காங்கிரீட்டும் இருக்கிறது. ஒன்பது அங்குலச் சுவர் பத்தடி உயரத்தில் ஓடும் அடிக்கு நானூறு கிலோ. ஸ்லாப் மட்டும் பதினைந்து டன். அதையெல்லாம் ஏழெட்டு லாரியில் ஏற்றி எங்கே கொட்டுவீர்கள்? கட்டட இடிபாட்டுக்கென்று 2016-இலேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படியிருந்தும் ராத்திரி லாரிகள் ஓடையோரம் கொட்டிவிட்டுப் போவதைக் காளேபடள்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடித்ததற்குப் பதிலாக அதே அளவு செங்கல்லையும் சிமென்டையும் மறுபடி சுட்டு, அரைத்து, லாரியில் கொண்டுவர வேண்டும். சுவர் நன்றாக இருக்கும்போது அதை உடைப்பது, சோற்றைக் கொட்டிவிட்டு மறுபடி உலை வைப்பது மாதிரி. சுவர் நன்றாக இல்லை, செங்கல் உதிர்கிறது, ஸ்லாப் கம்பி துருவேறிக் கீழ்ப்பூச்சு பாளம் பாளமாக விழுகிறது என்றால் அது வேறு. அந்த வீட்டில் மாடிப் பேச்சே எடுக்கக் கூடாது. நம் ஆட்களில் இரண்டு பேர் வீடு அப்படி இருக்கிறது. அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

மேலே வளரும் வீட்டைப் பற்றி நன்றாக யோசித்தவர்கள் புனேயிலேயே இருக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏரவடாவில், 2009 வாக்கில் ஆரம்பித்த வேலை. மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டத்தில் ஏழைகளுக்கான வீட்டுப் பணம் வந்தது. வழக்கமாக அந்தப் பணத்தில் ஊருக்கு வெளியே ஐந்து மாடிப் பெட்டி கட்டி ஆட்களைத் தூக்கிக்கொண்டுபோய் வைப்பார்கள். ஏரவடாவில் அப்படிச் செய்யவில்லை. உறுதியான வீடுகளை அப்படியே விட்டுவிட்டு, தகரமும் தட்டியுமாக இருந்தவற்றை மட்டும் அந்தந்த இடத்திலேயே 270 சதுர அடி வீடாக எழுப்பினார்கள். பத்தில் ஒரு பங்கு பணம் குடும்பம் போட்டது. மகிளா மிலன் என்ற அமைப்பின் பெண்கள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசினார்கள். வரைபடம் ஃபிலிப்பே பலெஸ்த்ரா, சாரா யோரான்சன் என்ற இரண்டு பேர் யோசித்தது, கூடவே புனேயின் பிரசன்னா தேசாய். எனக்குப் பிடித்தது அதிலிருந்த ஒரு வகை வீடு: கட்டுவது இரண்டு தளம், ஆனால் அஸ்திவாரமும் சட்டமும் மூன்று தளத்துக்கு. இன்னொரு வகையில் கீழ்த்தளத்தைத் திறந்தே விட்டார்கள், பின்னால் கடை வைக்கலாம், வண்டி நிறுத்தலாம். மூன்றாவது வகையில் நடுத்தளத்தைக் காலியாக விட்டார்கள். குடும்பம் வளரும், வீடும் வளரும் என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டு அதற்கான வலுவைக் கீழே புதைத்துவிட்டார்கள். நாம் கம்பியை மேலே விட்டோம், அவர்கள் அடியில் விட்டார்கள்.

அந்த மகிளா மிலன் பெண்களுக்குப் பின்னால் நின்ற இயக்கத்தின் ஆணிவேர் நம் ஆள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. ஜாக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பிழைப்புக்காக மும்பை வந்து ஜனதா காலனியில் குடியிருந்தார். 1976-இல் அந்தக் காலனியை இடித்து எல்லாரையும் சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய்விட்டார்கள். அந்த இடிப்பை எதிர்த்து வளர்ந்தவர்தான் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டினார், 2000-இல் மகசேசே விருது வாங்கினார். 2018 அக்டோபரில் காலமானார்.

சரி, எங்கள் மாடி. 528 சதுர அடியில் 350-இல் மட்டும் அறை, மிச்சம் மொட்டைமாடி. கீழே சுவர் இருக்கும் இடத்தில்தான் மேலே சுவர், குளியலறைக்குமேல் குளியலறை. "ஹாலை இன்னும் ரெண்டடி பெருசா வச்சுக்கலாமே அத்தை" என்று மருமகள் என் வீட்டுக்காரியிடம் கேட்டாள். அந்த இரண்டடி கொடுத்தால் சுவர் ஸ்லாப்பின் நடுவில் நிற்கும் என்று நான் குறுக்கே விழுந்து மறித்தேன். கீழ்ச்சுவர்களின் தலையைச் சுற்றிலும் இணைத்து ஒரு காங்கிரீட் பட்டை, எல்லாச் சுவரும் ஒன்றையொன்று கைகோத்துக்கொள்ள. செங்கல் கட்டட வீடுகளை நிலநடுக்கத்துக்கு வலுப்படுத்த ஐ.எஸ். 13935 என்று தனி விதிப்புத்தகமே இருக்கிறது, எஞ்சினியர் அதை வைத்துத்தான் போட்டார். அந்தப் பட்டைமேல் இரும்புப் பெட்டிக்குழாய்ச் சட்டம். சுவருக்கு ஏஏசி கல், அனல்மின் நிலையச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து நுரைக்க வைத்து வேகவைத்த கல். ஆறு அங்குலச் சுவர் ஓடும் அடிக்குப் பூச்சோடு நூறு கிலோதான், செங்கல் சுவரில் நாலில் ஒரு பங்கு. கூரைக்கு உள்ளே பஃப் நுரை வைத்த தகடு.

இதே அறையை நம் வழக்கப்படி ஒன்பது அங்குலச் செங்கல், ஐந்து அங்குல ஸ்லாப், அதன்மேல் கோபா என்று போட்டிருந்தால் நாற்பது டன். எங்களுக்குச் சுவர், சட்டம், கூரை, தரை டைல்ஸ் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று. இறக்கியது பதினாறு. ஆளும் கட்டிலும் பீரோவும் தனி, அதற்கும் கணக்குப் போட்டார்கள். ஆனால் கட்டடத்தின் சொந்தக் கனம் என்று பார்த்தால், மாடி எடுத்த பிறகு என் வீடு முன்னைவிட இளைத்திருக்கிறது.

லாரி பேக்கர் பாணியில் ஸ்லாப்பின் அடிப்பாதியில் மங்களூர் ஓட்டைச் சொருகிக் காங்கிரீட்டைக் குறைக்கலாமா என்றும் பேசினோம். திருவனந்தபுரத்தில் அவர் நூற்றுக்கணக்கில் கட்டிக் காட்டிய முறை, பார்க்கவும் அழகு. புது வீடாக இருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன். எங்கள் பழைய சுவருக்கு அதுவும் கனம் என்று முடிவாயிற்று.

குறையையும் சொல்கிறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. ஜூலை மழையில் தகட்டுக் கூரை போடும் சத்தத்தில் டிவி கேட்காது. மகன் மேலே ஃபால்ஸ் சீலிங் போட்ட பிறகு பாதி குறைந்திருக்கிறது. ஏஏசி சுவரில் ஆணி நிற்காது. பால் காய்ச்சிய அன்று முருகன் படத்தை மாட்டினோம், மூன்றாம் நாள் ராத்திரி தொப்பென்று விழுந்து கண்ணாடி உடைந்தது. சகுனம் சரியில்லை என்று என் வீட்டுக்காரி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கல்லுக்கென்று தனி பிளக் இருக்கிறது, பதினைந்து ரூபாய். இப்போது முருகன் அதில் தொங்குகிறார். செங்கல்லும் ஏஏசி கல்லும் சேரும் இடத்தில் வலை வைத்துப் பூசாவிட்டால் முடி மாதிரி வெடிப்பு ஓடும், எங்களுக்கு இரண்டு இடத்தில் ஓடியது. மேற்குச் சுவர் மே மாசத்தில் சாயங்காலம் கொதிக்கும். சூடான காற்று மேலே வெளியேற வழி வைத்ததால் ராத்திரி தூங்க முடிகிறது.

பழைய சாமான்களையும் வீணாக்கவில்லை. பழைய ஹாலில் கிடந்த ஷஹாபாத் கல் வெளிப்படிக்கட்டுக்குப் போயிற்று. பின்கதவு மேலே முன்கதவானது. எங்கள் பழைய தகர ஷெட்டின் தகடு இன்னும் பயன்படுகிறது, அடுத்த தெருவில், வேறொருவர் வீட்டுக் கோழிக்கூண்டாக.

தண்ணீர் விஷயத்தில் எல்லாரும் ஒரு தப்புச் செய்கிறீர்கள். புனேயில் வருஷத்துக்குச் சராசரி 700 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை. என் கூரையில் விழுவதில் சுமார் 27,000 லிட்டர் பிடிக்கலாம். ஆனால் சேமிக்கிறோம் என்று சுவரை ஒட்டிக் குழி தோண்டி அந்தத் தண்ணீரை விட்டால், கரிசலுக்கு நீங்களே விருந்து வைக்கிறீர்கள். மண் உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கும். ஒரு குண்டாவில் தள்ளித் தோண்ட இடமும் கிடையாது. நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து குழாய் போட்டுத் தெருக்கோடி போர்வெல்லுக்கு விட்டிருக்கிறோம். தொட்டியும் அப்படித்தான்: 2,000 லிட்டர் என்றால் 2 டன். அதை ஸ்லாப் நடுவில் வைக்காமல், இரண்டு சுவர் கூடும் இடத்தில் ஸ்டாண்டு போட்டு வையுங்கள். சோலாருக்கு இந்தக் கவலை இல்லை, தகடுகள் லேசு. அதைக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் சட்டத்தோடு சேர்த்து இறுக்குவதுதான் வேலை. 2 கிலோவாட்டுக்கு 200 சதுர அடி இருந்தால் போதும். 2024-இல் ஆரம்பித்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 60,000 ரூபாய் மானியம், 3 கிலோவாட் என்றால் 78,000.

கடைசியாக, நீங்கள் யாரும் என்னிடம் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. "ஒண்ணு எடுக்கிறதுக்கு மூணா எடுத்து வாடகைக்கு விடலாமே?" ஐடி பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், தெரியும். பக்கத்துத் தெருவில் ஒன்பது அங்குலப் பில்லரில் நாலு தளம் நிற்பதும் தெரியும். 2013 ஏப்ரலில் மும்பிராவில் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டடம் விழுந்தது, 74 பேர். மறுவருஷம் ஜூனில் நம் சென்னை மௌலிவாக்கம், 61 பேர், பெரும்பாலும் வேலைக்கு வந்திருந்த கூலியாட்கள். இரண்டும் நம் வீடு மாதிரி இல்லை, பெரிய கட்டடங்கள். ஆனால் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மேலே போன அவசரம் நமக்கும் தெரிந்த அவசரம்தான். சுவர் வீட்டில் லேசாக ஒரு தளம், அதுவும் எல்லாவற்றையும் பார்த்த பிறகு. இரண்டாவது தளம் என்றால் என்னிடம் வராதீர்கள். வந்தாலும் காபி மட்டும்தான் கிடைக்கும்.

என்னிடம் இன்னும் பதினொரு கண்ணாடித் துண்டு மிச்சம் இருக்கிறது. மழை ஓய்ந்து கரிசல் இறுக ஆரம்பிக்கும் முன், அதாவது தசராவுக்குள் ஒட்டினால், அடுத்த மழை வரைக்கும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க முழுசாக எட்டு மாதம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லியனுப்புங்கள், வெர்னியரையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். கம்பித் தலையில் கவிழ்த்திருக்கும் பாட்டிலை மட்டும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். போன தடவை ஒன்றில் குளவி இருந்தது.

அன்புடன்,
காளேபடளிலிருந்து உங்கள் அண்ணாச்சி